வரிசைக்கு வராதவர்களை எப்படி எண்ணுவது? வாசகர் கேள்வி-பதில்

போன இதழில், முதியோர் பராமரிப்புக்கு முன்கூட்டியே திட்டம் போட டேட்டா மாடல் எப்படிக் கைகொடுக்கும் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் கோயில் அன்னதானக் குழுக்களிலிருந்தும் குடியிருப்போர் சங்கங்களிலிருந்தும் வந்தவை, மீதி வீட்டில் அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் எழுதியவை. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் உற்பத்தித் திட்டப் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தவள், இப்போது எங்கள் வட்டாரத் தொண்டர் குழுவுக்கு முதியோர் கணக்கைப் பார்க்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து எங்கள் வட்டாரத்தில் 40 முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அடுத்த வருடத்துக்கு நிதி கேட்கப் போனால், "மொத்தம் எத்தனை பேருக்குத் தேவை, கணக்கு எங்கே?" என்கிறார்கள். 40 என்று சொன்னால் "இப்போதே கொடுக்கிறீர்களே, பிறகு எதற்கு இன்னும் பணம்?" என்று திருப்பி அனுப்புகிறார்கள். டேட்டா மாடல் எல்லாம் எங்களைப் போன்றவர்களால் முடிகிற காரியமா? (ஜெலுத்தோங்)

பதில்: தாராளமாக முடியும். கல்யாணத்துக்குச் சமைக்கிற பெரியவர் என்ன செய்கிறார்? எத்தனை பத்திரிகை கொடுத்தீர்கள், வேலை நாளா விடுமுறையா, வெளியூர்க்காரர்கள் எத்தனை பேர், சின்னப் பிள்ளைகள் எத்தனை என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு, இத்தனை கிலோ அரிசி என்று சொல்லிவிடுகிறார். அதுதான் மாடல். தெரிந்த சில எண்களை வைத்து, அவற்றுக்குள் என்ன சம்பந்தம் என்ற அனுபவத்தையும் சேர்த்து, தெரியாத ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்பது.

உங்கள் 40 எதைச் சொல்கிறது என்று பாருங்கள் அம்மா. பன்னிரண்டு பேர் சமைத்து, டப்பாவில் அடைத்து, படியேறிக் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்த எண்ணிக்கை அது. உங்கள் கைகளின் அளவு. தேவையின் அளவைத் தெரிந்துகொள்ள வட்டாரத்தின் மக்கள் தொகையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, உங்கள் வட்டாரத்தில் 8,000 பேர் இருக்கிறார்கள், அதில் 60 வயதைத் தாண்டியவர்கள் 1,200 பேர் என்று வைத்துக்கொள்வோம். (உண்மையான எண்ணைப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோஸ்ம் தளத்தில் பாருங்கள், 2022இலிருந்து இருக்கிறது, தொகுதி வாரியாகவே மக்கள் தொகையைப் பார்க்கலாம்.) சுகாதார அமைச்சு 2018இல் நாடு முழுவதும் முதியோரிடம் எடுத்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 17 விழுக்காட்டினருக்குக் குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்ற அன்றாடக் காரியங்களிலேயே தடுமாற்றம் இருக்கிறது, 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா என்ற ஞாபக மறதி நோய் இருக்கிறது என்று அதில் தெரியவந்தது. 1,200இல் 17 விழுக்காடு என்றால் 204 பேர். டிமென்ஷியா கணக்கு 102. இரண்டையும் கூட்டிவிடாதீர்கள், ஒரே ஆள் இரண்டிலும் இருப்பார்.

அடுத்து, இந்த 204 பேரில் மத்தியானம் வீட்டில் வேறு ஆள் இல்லாதவர்கள் எத்தனை பேர்? "மத்தியானம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மகனோடு இருக்கிறார் என்று பட்டியலில் எழுதிவிடுவோம், மகன் காலை ஆறு மணிக்கு ஷிப்டுக்குப் போனால் இரவுதான் திரும்புவார். இதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை, அப்படிப்பட்ட முதியவர்கள் இருக்கிற வீடுகளில் குலுக்கல் போட்டு 30ஐத் தேர்ந்தெடுத்து நீங்களே கதவைத் தட்டிக் கேட்கலாம். பாதி வீடுகளில் மத்தியானம் வேறு ஆள் இல்லை என்று தெரிந்தால், 204இல் பாதி, 102 பேர். நீங்கள் கொடுப்பது 40 பேருக்கு. மீதி 62 பேரை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்று எழுதிக்கொண்டு போய் நிதி கேளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 17 விழுக்காடு என்பது நாட்டின் சராசரி. 62 வயதுக்காரரும் 85 வயதுக்காரரும் அதில் ஒன்றாகக் கிடக்கிறார்கள். 60-69, 70-79, 80க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துப் போட்டால் கணக்கு உண்மைக்குக் கிட்டத்தில் வரும், ஏனென்றால் 80ஐத் தாண்டியவர்கள் நிறைய இருக்கிற பழைய வட்டாரத்தில் தேவை சராசரியைவிட வெகுவாக ஏறிவிடும். இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் பாப்பி என்று ஒரு கருவியை வைத்திருக்கின்றன. அது செய்வதும் இதேதான், வயது வாரி மக்கள் தொகையை நோய் விகிதத்தால் பெருக்குவது.

கேள்வி: எனக்கு எக்செல் மட்டும்தான் தெரியும். செயற்கை நுண்ணறிவு படித்தால்தான் இதையெல்லாம் செய்ய முடியுமா? (நிபோங் திபால்)

பதில்: எக்செல் போதும். நான் தொழிற்சாலையில் தினமும் பயன்படுத்திய ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறேன். மாதம் எத்தனை பேர் புதிதாகச் சேர்கிறார்கள், ஒருவர் சராசரியாக எத்தனை மாதம் நம்மிடம் இருக்கிறார், இரண்டையும் பெருக்குங்கள். மாதம் 3 பேர், சராசரி 20 மாதம் என்றால், போகப் போகப் பட்டியல் 60இல் போய் நிற்கும். இன்று 40 இருக்கலாம், அது 60ஐ நோக்கித்தான் நகரும். அதே 3 பேர், ஆனால் நல்ல சாப்பாடும் கவனிப்பும் கிடைத்து ஒருவர் 30 மாதம் இருக்கிறார் என்றால் 90 பேர். பட்டியல் நீள்வது உங்கள் சேவை நன்றாக நடப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதை நிதி கொடுப்பவர்களுக்கு இப்படித்தான் புரியவைக்க முடியும். இதற்கு வேண்டியது இரண்டு தேதிகள், சேர்ந்த தேதியும் நின்ற தேதியும். பெரும்பாலான குழுக்கள் நின்ற தேதியை எழுதுவதே இல்லை. பெயர் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து தேதியை எழுதுங்கள், ஏன் நின்றது என்பதையும் எழுதுங்கள்: இறந்துவிட்டாரா, மகள் வீட்டுக்குப் போனாரா, முதியோர் இல்லத்தில் சேர்ந்தாரா.

கேள்வி: அக்கா, நான் டேட்டா அனாலிஸ்டாக வேலை பார்க்கிறேன், வார இறுதியில் ஒரு தொண்டு அமைப்புக்கு உதவி செய்கிறேன். அவர்களிடம் மூன்று வருட விண்ணப்பங்கள் இருந்தன. அதை வைத்து எந்தப் பகுதியில் அடுத்த வருடம் எத்தனை பேர் உதவி கேட்பார்கள் என்று ஒரு மாடல் செய்தேன். சோதித்துப் பார்த்ததில் நன்றாகவே பொருந்தியது. சில பழைய அடுக்குமாடிகளில் தேவை குறைவு என்று காட்டுகிறது, அதனால் அங்கிருந்து ஆட்களைக் குறைத்து வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று குழுவில் பேசுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. (பாயான் லெப்பாஸ்)

பதில்: தம்பி, உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. அந்த ஆட்களை மாற்றவிடாதீர்கள்.

போன வருடம் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியில் 11ஆவது மாடிக்குப் போனேன். அங்கே லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, ஒரு மாடி ஏறியோ இறங்கியோதான் போக வேண்டும். 78 வயது அம்மா, தனி ஆள். சக்கரை நோயால் காலில் புண், கட்டுப் போட்டிருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது, சோறு ஆக்குகிற மின்சாரப் பானை தரையில், பாய்க்குப் பக்கத்தில் இருந்ததுதான். நிற்க முடியாததால் உட்கார்ந்தபடியே அரிசி களைந்து, உட்கார்ந்தபடியே ஆக்கி, காலையில் ஆக்கியதையே மூன்று வேளையும் சாப்பிடுகிறார். இரும்புக் கதவின் சாவியைக் கயிற்றில் கட்டி வெளியே கை எட்டுகிற மாதிரி தொங்கவிட்டிருந்தார், யாராவது வந்தால் அவர்களே திறந்துகொள்ளட்டும் என்று. நான் விண்ணப்பப் பாரத்தைப் பற்றிக் கேட்டதும் ஒரு பிஸ்கட் டின்னைக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் யாரோ கொடுத்த பாரம் அதற்குள் நாலாக மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, பத்திரமாக இருந்தது. ஓர் எழுத்துக்கூட எழுதப்படவில்லை. பாரம் மலாயில் இருந்தது, முகப்பிடத்துக்கு நேரில் வரச் சொன்னார்களாம், கீழே இறங்கி டாக்சி பிடித்து யார் போவது?

உங்கள் மூன்று வருட டேட்டாவில் இந்த அம்மா இல்லை. அவர் வீட்டுக்கு எதிரே பூஜ்யம் என்று எழுதியிருக்கும், பூஜ்யத்தைப் பார்த்து மாடல் "இங்கே தேவை குறைவு" என்று கற்றுக்கொண்டிருக்கும். திரும்பி வந்ததும் எங்கள் குழுவின் பட்டியலையே மாடி வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். கீழ் மாடிகளில் பெயர்கள் நெருக்கமாக இருந்தன, மேலே போகப் போக விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன. மேல் மாடிக்காரர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லையே. இறங்கி வர முடிந்தவர்கள்தான் விண்ணப்பம் போடுகிறார்கள். நீங்கள் கணித்திருப்பது யார் கேட்பார்கள் என்பதை. யாருக்குத் தேவை என்பது வேறு கேள்வி. சோதனையில் நன்றாகப் பொருந்தியது என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போன வருடம் கேட்காதவர் இந்த வருடமும் கேட்கமாட்டார், மாடல் ஒவ்வொரு வருடமும் "நான் சொன்னது சரியாகிவிட்டது" என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

பெரிய இடங்களிலும் இந்தப் பிழை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகள் பரவலாகப் பயன்படுத்திய ஒரு மென்பொருளைச் சில ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து 2019இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் எழுதினார்கள். கூடுதல் கவனிப்பு யாருக்கு வேண்டும் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. அது நோயை நேரடியாக அளக்கவில்லை, ஒருவருக்கு எவ்வளவு மருத்துவச் செலவு ஆகும் என்பதைக் கணித்து அதையே தேவை என்று எடுத்துக்கொண்டது. கறுப்பின மக்களுக்கு அதே நோய்க்குக் குறைவாகவே செலவழிக்கப்பட்டு வந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று முடிவு கட்டியது. அந்த ஒரு பிழையைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காட்டுக்கு உயரும் என்று கணக்கிட்டார்கள். மென்பொருளில் இனம் என்ற கட்டமே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்ன செய்யலாம்? இரண்டு கணக்குப் போடுங்கள். முதலாவது, விண்ணப்பத்தையே பார்க்காமல், வயது, தனியாக இருக்கிறாரா, மாடி, லிப்ட் நிற்கிறதா, மாற்றுத்திறனாளியா என்பதை வைத்து ஒவ்வொரு கட்டடத்திலும் எத்தனை பேருக்குத் தேவை இருக்க வேண்டும் என்பது. இரண்டாவது, உண்மையில் எத்தனை விண்ணப்பம் வந்தது என்பது. முதலாவது பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருக்கிற கட்டடங்களுக்குத்தான் ஆட்களை முதலில் அனுப்ப வேண்டும், உங்கள் குழு குறைக்க நினைக்கிற அதே கட்டடங்களாக அவை இருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. அப்புறம், மாடல் "தேவை குறைவு" என்று சொன்ன ஒரு கட்டடத்தில் ஒரு சனிக்கிழமை உங்கள் குழுத் தலைவரையும் கூட்டிக்கொண்டு 30 கதவைத் தட்டுங்கள். வரைபடத்தைக் காட்டி வாதாடுவதைவிட அது பலமாகப் பேசும்.

கேள்வி: நாட்டில் ஏழ்மையே இல்லை, 0.4 விழுக்காடுதான் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பிறகு திடீரென்று 5.6 என்றார்கள். எதை நம்புவது? (சுங்கை பாக்காப்)

பதில்: ஒரே இரவில் யாரும் ஏழையாகிவிடவில்லை, அளக்கிற கோலை மாற்றினார்கள். மாதம் 980 ரிங்கிட்டுக்குக் கீழே வருமானம் உள்ள குடும்பம்தான் ஏழைக் குடும்பம் என்று இருந்ததை, 2020இல் 2,208 ரிங்கிட் என்று திருத்தினார்கள். பழைய கோட்டின்படி 2016இல் 0.4 என்று சொல்லப்பட்டது, புதிய கோட்டின்படி 2019ஆம் ஆண்டுக் கணக்கு 5.6 ஆனது. 2022இல் அந்தக் கோடு 2,589 ரிங்கிட். எந்த மாடலைப் பார்த்தாலும் முதலில் கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கோட்டுக்கு 50 ரிங்கிட் மேலே இருக்கிற குடும்பமும் அதே பசியோடுதான் இருக்கிறது.

கேள்வி: வசதி எல்லாம் பினாங்குத் தீவில்தான் கட்டுகிறார்கள், எங்கள் பெருநிலப் பக்கம் இல்லை. கேட்டால், "மேப்பில் பாருங்கள், பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் மூன்று கிலோமீட்டர்தானே" என்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது? (பட்டர்வொர்த்)

பதில்: நடுவில் கடல் இருக்கிறது என்று சொல்லுங்கள்! நிஜமாகவே இது நிறையப் பேர் செய்கிற தப்பு. ஒரு பகல்நேர முதியோர் மையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் இருக்கிற எல்லாரும் வரலாம் என்று மாடல் எண்ணிவிடும். வட்டம் கடலைத் தாண்டி உங்கள் ஊரையும் விழுங்கிவிடும். நிலத்தில் வருவதென்றால் 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் அல்லது 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலம், அதற்கு முன்னும் பின்னும் சாலை. பெர்ரி ஓடுகிறது, உண்மைதான். ஆனால் கைத்தடியோடு வீட்டிலிருந்து முனையம்வரை, அங்கே காத்திருப்பு, அந்தப் பக்கம் இறங்கி மறுபடியும் பஸ், சாயங்காலம் இதே பாடு திரும்பவும். 75 வயதுக்காரருக்கு அது ஒரு நாள் வேலை.

தூரத்தை விடுங்கள், கதவிலிருந்து கதவுக்கு எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள், நடக்க வேண்டிய தூரத்தையும், நிழல் இருக்கிறதா, சாலையைக் கடக்க வேண்டுமா என்பதையும் சேர்த்து. இன்னொரு எண்ணும் உங்கள் கையில் இருக்கட்டும்: 2020 கணக்கெடுப்பின்படி பெருநிலப் பக்கமான செபராங் பிறையில் 9 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள், தீவில் 8 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆள் அதிகம் இருப்பது உங்கள் பக்கம்தான்.

கேள்வி: எனக்கு 57 வயது. அம்மாவுக்கு 84, டிமென்ஷியா. நாலு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டேன். அண்ணன் சிங்கப்பூரில், பணம் அனுப்புகிறார், ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து கதவைத் திறந்துகொண்டு போகிற அம்மாவைப் பிடிக்க நான்தான். இந்த மாடல், திட்டம் எல்லாவற்றிலும் என்னை மாதிரி ஆட்கள் எங்கே இருக்கிறோம்? (புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் சகோதரி. பெரும்பாலான பாரங்களில் நீங்கள் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கிறீர்கள். "குடும்ப ஆதரவு உண்டா?" என்ற கேள்விக்கு எதிரே ஒரு டிக். அந்த டிக் விழுந்ததும் உங்கள் அம்மா தேவைப் பட்டியலிலிருந்து கீழே இறங்கிவிடுவார். நீங்கள் தூங்காத இரவுகளுக்கு அந்தக் கணக்கில் விலை பூஜ்யம். இது பெரிய தப்பு, இதைத் திருத்தாமல் போடுகிற எந்தத் திட்டமும் பத்து வருடத்தில் குப்புற விழும்.

ஏன் என்று சொல்கிறேன். 1970இல் மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 குழந்தைகள். 2020இல் அது 1.7. நாட்டிலேயே பிறப்பு விகிதம் மிகக் குறைவாக இருக்கிற மாநிலம் நம் பினாங்கு. 65 வயதைத் தாண்டியவர்களோ 2010இல் மக்கள் தொகையில் 5 விழுக்காடு, 2020இல் 6.8 விழுக்காடு. உங்கள் அம்மாவைப் பார்க்க இரண்டு பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். உங்களுக்கு 84 வயதாகும்போது? பராமரிப்பு மாடலில் ஒரு முக்கியமான விகிதம் இருக்க வேண்டும்: 80 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும், அதே வட்டாரத்தில் 45இலிருந்து 64 வயதுக்குள் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? பெண்கள் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், நடப்பில் மகளும் மருமகளும்தானே செய்கிறார்கள். அந்த விகிதம் இறங்க இறங்க, இப்போது வீட்டுக்குள்ளேயே இலவசமாக நடக்கிற வேலை வெளியே வந்து கதவைத் தட்டும்.

எங்கள் குழுவின் எக்செலில் போன வருடம் மூன்று கட்டங்களைச் சேர்த்தோம்: கவனிப்பவரின் வயது, அவருக்கு உடம்பு முடியாமல் போனால் அடுத்த ஆள் யார், போன வாரம் எத்தனை இரவு முழுதாகத் தூங்கினார். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிற வீடுகளைத்தான் நாங்கள் முதலில் போய்ப் பார்க்கிறோம், நோயாளி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் சரி.

உங்களுக்கு நேரடியாக இரண்டு விஷயம். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டால், கவனிக்கிறவருக்குச் சமூகநலத் துறை, அதாவது ஜேகேஎம், மாதாந்திர உதவித்தொகை கொடுக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், அண்ணன் பணம் அனுப்புவதை மறைக்காமல் சொல்லி, அது எதற்குச் செலவாகிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள். அப்புறம், மூத்த குடிமக்களுக்கான பாவே நடவடிக்கை மையம் உங்கள் பக்கம் இருந்தால் ஒருமுறை போய்ப் பேசுங்கள். அம்மாவை அங்கே விட முடியாமல் போகலாம், ஆனால் அங்கே வருகிறவர்களில் இதே நிலையில் இருக்கிற இன்னொருவரைக் கண்டுபிடிப்பீர்கள். முறை வைத்து வாரத்தில் ஒரு ராத்திரியாவது நீங்கள் தூங்க வேண்டும்.

கேள்வி: தொண்டர்கள் என்று சொல்லி வந்தவர்களிடம் என் மாமியார் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், நோய், எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் கேட்டிருக்கலாம். ஆனால் இந்த டேட்டா எல்லாம் ஒரு நாள் அவருடைய உதவித்தொகையை நிறுத்தப் பயன்பட்டால்? (பிறை)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தான் பொருந்தும், கூட்டரசையும் மாநில அரசுகளையும் அது கட்டுப்படுத்தாது. அப்படியென்றால் ஒரு தொண்டர் குழுவின் நோட்டுப் புத்தகத்துக்கு அந்தச் சட்டத்தில் அநேகமாகக் காவல் இல்லை, குழுவின் மனசாட்சிதான் காவல். அரசாங்கப் பக்கம், 2008இலிருந்து இ-காசே என்ற ஏழ்மைத் தரவுத்தளம் இருக்கிறது, 2024 ஜனவரியில் குடும்பங்களின் சமூகப் பொருளாதார விவரங்களைத் தொகுக்கும் பாடு தரவுத்தளம் வந்தது, 2025இல் கூட்டரசு அமைப்புகள் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ள ஒரு சட்டமும் வந்துவிட்டது. ஒரே ஆள் ஐந்து இடத்தில் ஐந்து பாரம் நிரப்புகிற கொடுமை குறையும் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். என் கவலை, சேர்த்த டேட்டாவை என்ன கேள்வி கேட்கிறார்கள் என்பதில்.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரை ஏமாற்றுக்காரர்கள் என்று தப்பாக முத்திரை குத்தி, வாங்கிய பணத்தையெல்லாம் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். யாரைச் சந்தேகிப்பது என்று பொறுக்கியெடுத்ததில் கணினி மாடலுக்கும் பங்கு இருந்தது, சிக்கியவர்களில் பலர் குடியேறி வந்த குடும்பங்கள். 2021 ஜனவரியில் அதற்காக அரசாங்கமே பதவி விலகியது. ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்று ஒரு திட்டம், வருட வருமானத்தை இரண்டிரண்டு வாரமாகச் சமமாகப் பிரித்து, உதவித்தொகை வாங்கியவர்களுக்கு இல்லாத கடனை இருப்பதாகக் காட்டியது. சில மாதம் வேலை, சில மாதம் சும்மா என்று இருக்கிற கூலி வேலைக்காரருக்குச் சராசரி வருமானம் என்ற ஒன்று எங்கே இருக்கிறது? 2023இல் அரச விசாரணை ஆணையம் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

இதனால்தான் நான் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். இந்த வட்டாரத்துக்கு எத்தனை செவிலியர், எத்தனை வேன், எத்தனை படுக்கை வேண்டும் என்று மாடல் சொல்லட்டும். இந்த அம்மாவுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பதை, அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிய ஒரு மனிதர் முடிவு செய்யட்டும், அந்த முடிவை எதிர்த்து முறையிட ஒரு வழியும் இருக்கட்டும்.

உங்கள் மாமியார் விஷயத்தில், அந்தக் குழுவைத் தேடிப் பிடித்து ஐசி நம்பரை அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், அது சாப்பாடு கொண்டுபோகிற குழுவுக்கு எதற்கு? "ஐசி இல்லாவிட்டால் ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணிவிடுவோமே" என்று குழுக்காரர்கள் கேட்பார்கள். நம் பெயர்களில் அந்தத் தொல்லை உண்மையிலேயே இருக்கிறது. சுப்பிரமணியம் என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் ஒரு 'பி' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு 'பி', கடைசி 'எம்' சில பாரத்தில் இருக்கும் சிலதில் இருக்காது, மலாயில் 'மகன்' என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்' ஓரிடத்தில் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கோயில் பட்டியல், சங்கப் பட்டியல், கிளினிக் பட்டியல் மூன்றையும் சேர்த்தால் ஒருவர் மூவராகிவிடுவார். அதைவிட மோசம், ஒரே பெயருள்ள இரண்டு பாட்டிகள் ஒருவராகி, ஒருவருக்குச் சாப்பாடு நின்றுபோகும். பிறந்த வருடம், கட்டட எண், வீட்டு எண், இந்த மூன்றும் போதும். குழுவே ஒரு வரிசை எண் கொடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என்ன மாடல் போட்டாலும் கோவிட் மாதிரி ஒன்று வந்தால் எல்லாம் தப்பாகிவிடும். பிறகு எதற்கு இந்த மெனக்கெடல்? (ஜார்ஜ் டவுன்)

பதில்: ஓர் எண்ணை மட்டும் எழுதினால் தப்பத்தான் செய்யும். குறைந்தது, நடுவானது, அதிகமானது என்று மூன்று எழுதுங்கள், நடுவுக்கு அரிசி வாங்குங்கள், அதிகமானதுக்கு ஆள் யார் என்று மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள். வருடக் கடைசியில் எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் போன வருடம் 52 பேர் என்று எழுதினோம், வந்தவர்கள் 61. எங்கே தப்பியது என்று தேடினோம். பக்கத்து கிளினிக்கில் புதிதாக வந்த தாதி ஒருவர், தனியாக வருகிற வயதானவர்களுக்கெல்லாம் எங்கள் தொலைபேசி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார், எங்களுக்கு அதுவரை தெரியாது. இந்த வருட எக்செலில் "யார் சொல்லி வந்தார்" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அந்தத் தாதியிடமும் கேட்டோம், சீட்டுக் கொடுத்தும் எங்களிடம் வராதவர்கள் எத்தனை பேர் என்று. அடுத்த மாதத்திலிருந்து எண்ணிச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.